பொருள்: சிரசாசனத்திலிருந்து இறக்குதல் – அனுமதி கோருதல் – தொடர்பாக

1997ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் மூன்றாம் தேதி, திங்கட்கிழமை, காலை ஏழு மணி முதல், அடையாறில் உள்ள தென்திசை ஒளிபரப்புக் கழகத்தின் வளாகத்துக்குள் மனிதன் மனிதனோடு முறையாகப் பேசத் தொடங்குவான் என்று எட்டுப் பக்கச் சுற்றறிக்கை ஒன்று உலகுக்கு அறிவித்தது. அதற்கு முந்தைய சில லட்சம் ஆண்டுகளாக மனிதர்கள் போட்டுக்கொண்டிருந்தது வெறும் சத்தம் என்பது சுற்றறிக்கையின் கருத்து. அதை அப்படியே எழுதிவிடவில்லை. ‘இதுகாறும் நிலவிவந்த வாய்மொழிச் சீர்கேடுகள்’ என்று நாகரிகமாகக் குறிப்பிட்டு, கீழே நாற்பத்துமூன்று பேரிடம் கையெழுத்து வாங்கியிருந்தார்கள்.

நாற்பத்துமூன்றாவது கையெழுத்து ஃப்ளோர் மானேஜர் ஞானதாஸுடையது. படிக்காமல்தான் போட்டார். பதினோரு வருஷமாகத் தினக்கூலிக் கணக்கில் வேலை செய்பவர் எதையும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவதில்லை.

விஷயம் இதுதான். டெலிவிஷன் ஸ்டூடியோவில் மாடியில் கன்ட்ரோல் ரூம், கீழே ஃப்ளோர். மாடியில் உட்கார்ந்திருக்கும் தயாரிப்பாளர் சொல்வது கீழே காமிராக்காரர், லைட்மேன், ஃப்ளோர் மானேஜர் எல்லார் காதிலும் விழ வேண்டும். அவர்கள் சொல்வது அவர் காதில் விழ வேண்டும். அதற்கு ஆளுக்கொரு ஹெட்போன், எல்லாருக்கும் சேர்த்து ஒரே கம்பி. டாக்பேக் என்று பெயர். ஒருவர் தும்மினால் பன்னிரண்டு பேர் காதைப் பிடித்துக்கொள்வார்கள். மற்றபடி பத்தொன்பது வருஷம் நிகழ்ச்சிகள் நடந்தன, செய்திகள் வாசிக்கப்பட்டன, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஆனது கழகத்தின் தலைவர் ராஜகோபாலனுக்குத்தான். ஒருநாள் அவர் கன்ட்ரோல் ரூமுக்கு எழுந்தருளி, ஆசையாக ஒரு ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டார். கீழே இரண்டாம் நம்பர் காமிராவில் நின்ற அம்மாசி, “யாருப்பா அது காதுல புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு உட்டுகினு கீறது? கொஞ்சம் தள்ளி உடு நைனா” என்றார். அது தலைவருடைய மூச்சு. நான்கு மாதத்தில் ஜெர்மனியிலிருந்து டிஜிட்டல் டாக்பேக் கப்பலேறியது.

புது இயந்திரத்தின் விசேஷம், அதில் ஒவ்வொருவருக்கும் இடுப்பில் மாட்டிக்கொள்ள ஒரு பெட்டி, பெட்டியில் தனித்தனிப் பொத்தான். யார் யாரோடு பேசலாம், யார் கேட்க மட்டும் செய்யலாம் என்பதை இயந்திரத்துக்கே சொல்லிவைத்துவிடலாம். இந்த ஒரு வரியைக் கேட்டதும் தலைவருக்குக் கண் கலங்கிவிட்டதாகச் சொல்வார்கள். ‘பேச்சு நெறிமுறைக் குழு’ அமைக்கப்பட்டது. அது பதினாறு முறை கூடி, பேச்சு இரண்டு வகைப்படும் என்று கண்டுபிடித்தது: கீழ்நோக்கிப் பேச்சு, மேல்நோக்கிப் பேச்சு. கீழ்நோக்கிப் பேச்சு உத்தரவு எனப்படும். அதை இயந்திரம் கொண்டுபோகும். மேல்நோக்கிப் பேச்சு கோரிக்கை எனப்படும், அதற்கு மே.பே.–2 என்ற படிவம் உண்டு. பொத்தான்களின் மேல் காகிதம் ஒட்டினார்கள். பச்சை ஒட்டியவர் யாரோடும் பேசலாம். மஞ்சள் ஒட்டியவர் தனக்குக் கீழே உள்ளவர்களோடு பேசலாம். சிவப்பு என்றால் கேட்கலாம். பச்சை ஒரே ஒரு பொத்தானில்தான் இருந்தது. அதை அமுக்கினால் எல்லார் பெட்டியிலும் பச்சை விளக்கு எரியும். அது எரியும்போது மற்ற எல்லாப் பொத்தானும் ஊமை.

“பேச்சுச் சுதந்திரம் வேறு, பேசுவது வேறு” என்று ஊழியர் கூட்டத்தில் தலைவர் விளக்கினார். “கேட்பவன் உயர்ந்தவன். அந்த உயர்வை உங்கள் அனைவருக்கும் வழங்கிவிட்டு, பேசுகிற சிரமத்தை மட்டும் நான் ஒருவனே ஏற்றுக்கொள்கிறேன்.” கைதட்டல் எழுந்தது.

பயிற்சி நாளில் லைட்மேன் ஒருவர் ஆர்வத்தில் சிவப்புக் காகிதத்தின் மேல் விரலை வைத்துப் பார்த்தார். அமுக்கக்கூட இல்லை. நிர்வாக அலுவலர் கணேசமூர்த்தி எங்கிருந்தோ வந்து அந்த விரலைப் பிடித்துக்கொண்டார். மறுநாள் விரலுக்கு மெமோ வந்தது. அதன்பின் நாற்பத்துமூன்று பேரும் இடுப்பில் மாட்டிய பெட்டியை, திருஷ்டிப் பூசணிக்காயைச் சுற்றிப் போவதுபோல, கை படாமல் சுமந்து திரிந்தார்கள்.

ஞானதாஸ் மட்டும் சுமப்பதில் மற்றவர்களைவிடக் கூடுதல் கவனமாக இருந்தார். அவருடைய பணி நிரந்தரக் கோப்பு கணேசமூர்த்தியின் பீரோவில் இருந்தது. மார்ச் பத்தொன்பதாம் தேதி அவருக்கு நாற்பத்தைந்து வயது முடிகிறது. முடிந்துவிட்டால் விதிப்படி அந்தக் கோப்பைக் கட்டிப் பரணில் போட வேண்டியதுதான்.

“எல்லாம் ரெடி மிஸ்டர் ஞானதாஸ்” என்று கணேசமூர்த்தி சொல்லியிருந்தார். “சேர்மன் ஒரு கையெழுத்து. அவ்வளவுதான். மூணாந்தேதி ஓப்பனிங் ஒரு குறையில்லாம நடக்கட்டும். நானே ஃப்ளோர்ல உக்காந்து அப்ஸர்வ் பண்ணப்போறேன். உங்களைத்தான் முக்கியமா.”

சாந்தோம் வீட்டில் அவர் மனைவி ஜூலியட் டிபன் டப்பாவை மூடிக்கொண்டே சொன்னாள்: “வாயைத் தொறக்காம போயிட்டு வாங்க. பதினோரு வருஷம் தொறந்து என்னத்தைக் கண்டீங்க?”

திறப்பு விழாவுக்கு ரிப்பன், கத்தரிக்கோல் எல்லாம் பழைய முறை என்று தலைவர் ஒதுக்கிவிட்டார். காலை ஏழு மணி நேரடி ஒளிபரப்பு நடந்துகொண்டிருக்கும்போதே கன்ட்ரோல் ரூமிலிருந்து பச்சைப் பொத்தானை அமுக்கி, எல்லார் காதிலும் ஒரே நேரத்தில் உரையாற்றுவார். நேயர்களுக்கு அது கேட்காது; அவர்கள் பாட்டுக்கு நிகழ்ச்சியைப் பார்ப்பார்கள். அன்றைய நிகழ்ச்சி, ‘விடியலில் ஓர் ஆசனம்’.

ஆசனம் செய்பவர் மயிலாப்பூர் சித்திரக்குளத்துக்காரர், யோகாசிரியர் ஸ்ரீரங்கன். எழுபத்தொரு வயது. ஒழுங்கு என்றால் அப்படி ஓர் ஒழுங்கு. ஒருமுறை சிரசாசனத்திலிருந்து சொல்வதற்கு நாலு விநாடி முன்னதாக இறங்கிவிட்டார் என்று ஐந்து தடவை திரும்ப எடுத்தார்கள். அன்றிலிருந்து, “நீங்க சொன்னாத்தான் எறங்குவேன், சொல்லலேன்னா எறங்க மாட்டேன்” என்று ஒரு விரதம்போல வைத்துக்கொண்டுவிட்டார். தலைகீழாக நிற்பவருக்குக் கைசாடை காட்டினால் அது மேலா கீழா என்று அவர் யோசிக்க வேண்டியிருக்கும். அதனால் ஞானதாஸ் ஒரு வழக்கம் வைத்திருந்தார். மாடியிலிருந்து “இறக்குங்க தாஸ்” என்று காதில் வந்ததும், பலகைத் தரையில் காலால் இரண்டு தட்டு. தலை வழியாகவே சேதி போய்விடும். ஸ்ரீரங்கன் பூப்போல இறங்குவார்.

புது நெறிமுறையின் பதினான்காம் விதி அந்தத் தட்டலையும் கண்டுபிடித்திருந்தது: ‘மேலிருந்து உத்தரவு காதில் விழாமல் கையாலோ காலாலோ எவ்வித சமிக்ஞையும் தரலாகாது.’

ஏழு பன்னிரண்டுக்கு மாடியிலிருந்து தயாரிப்பாளர் குருபிரசாத், மஞ்சள் பொத்தான் வழியாக, “ஏறச் சொல்லுங்க தாஸ். மூணு நிமிஷம்” என்றார். ஞானதாஸ் தட்டினார். ஸ்ரீரங்கன் ஏறினார். வீணை இசை டேப்பில் ஓடியது. இரண்டு வெள்ளைப் பாதங்கள் ஸ்டூடியோ விளக்கைப் பார்த்து நின்றன.

ஏழு பதினான்குக்குக் காதில் ‘க்ளிக்’ என்று ஒரு சத்தம். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது.

“அன்பார்ந்த ஊழியர்களே” என்றார் தலைவர். “இப்போது நான் பேசுகிறேன். நீங்கள் பேசவில்லை. இதுதான் தொழில்நுட்பம்.”

ஏழு பதினைந்து. ஞானதாஸ் மாடியில் கன்ட்ரோல் ரூமின் கண்ணாடி ஜன்னலைப் பார்த்தார். தலைவர் புகைப்படக்காரருக்காகத் திரைகளுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் குருபிரசாத் எழுந்து நின்று, தன் மஞ்சள் பொத்தானையும் பச்சை விளக்கையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். தலைவர் பேசும்போது ஒருவரும் அறையை விட்டு நகரக் கூடாது. அது ஒன்பதாம் விதி.

ஏழு பதினேழுக்கு அம்மாசி காமிராவுக்குப் பின்னாலிருந்து ஞானதாஸின் சட்டையை இழுத்தார். “இன்னா தாஸண்ணே, பெருசு மூஞ்சி கத்திரிக்கா கலருக்குப் போய்க்கினு கீது. குளோசப்புல பாக்க முடியல. எறக்கி உடேன்.”

“உத்தரவு வரல அம்மாசி.”

“அந்தாளு வாய மூடினாதான உத்தரவு வரும்? நீ தட்டு நைனா, ரெண்டு தட்டுதான.”

ஞானதாஸ் மூலையைப் பார்த்தார். கணேசமூர்த்தி மடியில் அட்டையும் கையில் பேனாவுமாக, அவருடைய காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காதில் தலைவர்: “முன்பெல்லாம் நான் பேசும்போது நீங்கள் மரியாதை காரணமாகப் பேசாமல் இருந்தீர்கள். மரியாதையை நம்பி ஒரு நிறுவனத்தை நடத்த முடியுமா? இனி அந்தக் கவலை இல்லை. நீங்கள் நினைத்தாலும் முடியாது.”

சுவரோரப் பெஞ்சில் ஸ்ரீரங்கனின் மனைவி சுப்புலக்ஷ்மி மாமி ஃப்ளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தார். மெல்ல எழுந்து ஞானதாஸ் பக்கம் வந்தார். நேரடி ஒளிபரப்பில் சத்தம் போடக் கூடாது என்பது அவருக்குத் தெரியும். காதோடு காதாகத்தான் கேட்டார்.

“ஏன்ப்பா தாஸ், மூணு நிமிஷம்னுதானே சொன்னேள்? ஆறாச்சே.”

“இப்ப வந்துடும் மாமி.”

“எது?”

“உத்தரவு.”

“காலம்பற பிரஷர் மாத்திரைகூடப் போட்டுக்கலை. வெறும் வயித்தோட பண்ணணும்னு வந்துட்டார். நான் கூப்பிட்டா எறங்க மாட்டார்ப்பா. ஆத்துலயும் அப்படித்தான், நான் சொல்லி எதைக் கேட்டிருக்கார்? நீ சொன்னாத்தான்.”

ஞானதாஸ் மாமியின் முகத்தைப் பார்க்காமல், கணேசமூர்த்தியிடம் போய்க் குனிந்தார். “சார், பெரியவர் ரொம்ப நேரமா நிக்கறார். ஒரு வார்த்தை மேல சொல்லணும்.”

கணேசமூர்த்தி மகிழ்ந்துபோனார். நெறிமுறை முதல் நாளே பயன்பாட்டுக்கு வந்துவிட்டது. “தாராளமா. அதுக்குத்தானே படிவம் வச்சிருக்கோம்” என்று மே.பே.–2ஐ எடுத்து, நடுவில் இரண்டு கார்பன் வைத்து நீட்டினார். ஞானதாஸ் முழங்காலில் வைத்து, ‘பெரியவரை இறக்க வேண்டும்’ என்று எழுதினார்.

கணேசமூர்த்தி அதைப் படித்துவிட்டுப் பரிதாபமாகப் பார்த்தார். “இது லெட்டரா மிஸ்டர் ஞானதாஸ்? பொருள்னு ஒரு வரி வேணாமா? சிரசாசனத்திலிருந்து இறக்குதல், அனுமதி கோருதல், தொடர்பாக. எழுதுங்க. அடுத்தது பார்வை. ஏத்தினதுக்கு உத்தரவு இருக்கா?”

“இருக்கு சார். ஏழு பன்னெண்டுக்கு, குருபிரசாத் சார் சொன்னாரு.”

“அதைப் பார்வையில குறிப்பிடணும். ஏத்தின உத்தரவு இல்லாம எறக்கற உத்தரவு எப்படிப் போட முடியும்?” எழுதி முடிக்கும்வரை காத்திருந்தார். “இதுல ஒரு கட்டம் விட்டுட்டீங்க. எறக்கறது தற்காலிகமா, நிரந்தரமா?”

ஞானதாஸ் திரும்பிப் பார்த்தார். வெள்ளைப் பாதங்கள் லேசாக ஆடின.

“நிரந்தரமா சார்.”

“அப்ப ரெண்டு காப்பி அட்டெஸ்ட் பண்ணணும்” என்று கணேசமூர்த்தி பொறுமையாகக் கையெழுத்திட்டு, தேதி போட்டு, சீல் வைத்தார். சீல் சத்தம் ஒளிபரப்பில் கேட்கக் கூடாது என்பதற்காகக் கைக்குட்டையை விரித்து அதன்மேல் அழுத்தினார், கைக்குட்டையில்தான் விழுந்தது, மறுபடி வைத்தார். கடைநிலை ஊழியர் ஒருவர் படிவத்தை எடுத்துக்கொண்டு மாடி ஏறினார். கதவுக்குள் தலைவர் பேசிக்கொண்டிருந்ததால் வெளியே ஓரமாக நின்றார். கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருந்ததால் படிவத்தை அக்குளில் வைத்துக்கொண்டார்.

“ஜெர்மனியில்,” என்றார் தலைவர் காதில், “இதே இயந்திரத்தை வாங்கியவர்கள் எல்லாரையும் எல்லாரோடும் பேச விடுகிறார்களாம். அதனால்தான் அவர்கள் இரண்டு யுத்தங்களில் தோற்றார்கள்.”

ஏழு இருபத்துநான்கு. ஞானதாஸ் ஸ்ரீரங்கனுக்கு எதிரே போய் நின்றார். பெரியவரின் கண்கள் மூடியிருந்தன. நெற்றியில் ஒரு நரம்பு கயிறுபோல எழுந்திருந்தது. மூக்கிலிருந்து ஒரு சிவப்புச் சொட்டு, தலைகீழாக, கண்ணை நோக்கி வழிந்தது. அம்மாசி காமிராவை விலக்கிப் பாதங்களைக் காட்டினார். பாதங்களைப் பார்ப்பதற்குப் பரவாயில்லாமல் இருந்தது.

ஞானதாஸ் வலது காலைத் தூக்கினார்.

பலகையிலிருந்து நாலு அங்குலம். மூலையில் பேனா மூடி திறக்கும் சத்தம். மார்ச் பத்தொன்பதுக்கு இன்னும் நாற்பத்துநாலு நாள். பென்ஷன், மெடிக்கல், அடையாள அட்டையில் ‘தற்காலிகம்’ என்ற வார்த்தை இல்லாமல் ஒரு போட்டோ. ஜூலியட் பத்து வருஷமாக மாதா கோவிலில் இதற்காகவே ஏற்றிய மெழுகுவர்த்திகள். இன்னும் ஒரு நிமிஷத்தில் தலைவர் முடித்துவிடுவார். முடிக்காமல் எங்கே போகப்போகிறார்? பெரியவர் யோகி. யோகிகள் மணிக்கணக்கில் நிற்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோமே.

காலை இறக்கினார். சத்தம் வராமல், பஞ்சின்மேல் வைப்பதுபோல, முன்பாதம் முதலில், குதிகால் பிறகு.

மாமி அதைப் பார்த்துவிட்டார். ஃப்ளாஸ்க்கைக் கீழே வைத்துவிட்டு விளக்கு வெளிச்சத்தின் விளிம்புவரை போனார். “அம்மா, அது காமிரா எல்லை” என்று கணேசமூர்த்தி வழி மறித்தார். மாமி அங்கேயே நின்று, “ஏன்னா” என்றார். ஐம்பது வருஷத்தில் அவர் அவ்வளவு மெதுவாக அவரைக் கூப்பிட்டிருக்க மாட்டார். ஸ்ரீரங்கன் கண்களை இன்னும் இறுக மூடிக்கொண்டார். ஒழுங்கு.

ஏழு இருபத்தொன்பதுக்கு ஸ்ரீரங்கன் விழுந்தார். இறங்கவில்லை, விழுந்தார். வலப்பக்கமாக, ஒரு மூட்டை சரிவதுபோல. பலகையில் எழுந்த சத்தம் இரண்டு தட்டுக்குச் சமமாக இருந்தது. அம்மாசி ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினார். ஆளில்லாத காமிரா, தமிழ்நாட்டுக்குக் காலிப் பாயைக் காட்டியது. வீணை தொடர்ந்தது.

“உங்களுக்குக் கேள்விகள் இருந்தால் கேட்கலாம்” என்றார் தலைவர். அம்மாசி போக மீதி நாற்பத்திரண்டு பேர் காதுகளிலும் அமைதி நிலவியது. “கேள்விகள் இல்லை என்பதை மகிழ்ச்சியோடு பதிவு செய்துகொள்கிறேன்.” மாடியில் கைதட்டினார்கள். பச்சை விளக்கு அணைந்தது.

“இறக்குங்க தாஸ்” என்றார் குருபிரசாத்.

ஸ்ரீரங்கன் பிழைத்துக்கொண்டார். வலது கை, வலது கால் இரண்டும் போய்விட்டன, பேச்சும் போய்விட்டது. சித்திரக்குளத்து வீட்டில் நாற்காலியில் உட்கார வைத்தால் உட்கார்ந்தபடி இருக்கிறார், எழுப்பும்வரை.

மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு பதினைந்து நாளில் அறிக்கை தந்தது. சம்பவ நேரத்தில் இயந்திரம் குறைபாடின்றி இயங்கியது. தலைவரின் உரை தடங்கலின்றிச் சென்றடைந்தது. கலைஞர், ஒப்பந்தத்தில் கண்ட மூன்று நிமிடத்துக்கு மேல் தன் விருப்பத்தின்பேரில் ஆசனத்தில் நீடித்துள்ளார்; கழகம் அதற்குப் பொறுப்பாகாது. மே.பே.–2 படிவம் உரிய முறையில் பூர்த்தி செய்யப்பட்டிருந்தது பாராட்டத்தக்கது. அது இன்னும் பரிசீலனையில் உள்ளது. காமிராவைக் கைவிட்டு ஓடிய அம்மாசி மூன்று மாதம் சஸ்பெண்டு. ‘மிகுந்த நெருக்கடியிலும் நாவையும் காலையும் அடக்கிக் காத்த’ திரு. ஞானதாஸை நிரந்தரப் பணியில் அமர்த்தக் குழு ஒருமனதாகப் பரிந்துரைக்கிறது.

மார்ச் பன்னிரண்டாம் தேதி முற்பகலில் உத்தரவு கைக்கு வந்தது. பிற்பகலில் பணியேற்புப் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். நடுவில் ஞானதாஸ் கேன்டீனுக்குப் போனார். இன்ஜினியர் இசக்கிமுத்து அங்கே தனியாக உட்கார்ந்திருந்தார். டிஜிட்டல் டாக்பேக்கைப் பொருத்தியவர், திருநெல்வேலிக்காரர். டீயைத் தொடவில்லை.

“ஆர்டர் வந்துட்டுன்னு சொன்னாவ அண்ணாச்சி. சந்தோஷம்.” சுற்றுமுற்றும் பார்த்தார். “உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். ஒரு மாசமா ஒறக்கம் இல்ல. யார் யாரோட பேச்சை அடைக்கணும்னு எழுதின புரோக்ராம் ஒரு கம்ப்யூட்டர் ப்ளாப்பியில வந்திச்சு லா? மிஷினுக்குப் போடுறதுக்கு முன்னால பூஜை போட்டாவ. சந்தனம் வைக்கணும்னு ஐயர் கேட்டாரு. ப்ளாப்பி ஓரத்துல இருக்குற தகட்டை இழுத்துப் பிடிச்சு, இங்கன வைங்கன்னு தலைவரே காட்டிக் கொடுத்தாரு. சந்தனம், குங்குமம், மேல கொஞ்சம் தீர்த்தம். பெறவு அந்த மிஷினு அதைப் படிக்கவே இல்ல.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன? உங்களாலதான் கெட்டுச்சுன்னு தலைவர்ட்ட யாரு போய்ச் சொல்ல? என் பொத்தானும் சிவப்புதான அண்ணாச்சி. கலர்க் காகிதத்தை வெட்டி ஒட்டுனேன். ஒருத்தரும் அமுக்கிப் பாக்கல.”

ஞானதாஸ் டம்ளரைக் கீழே வைத்தார். “அப்ப தலைவர் பேசும்போது?”

“எல்லாரோடயும் எல்லாரும் பேசலாம். ஃபேக்டரியில இருந்து அப்படித்தான் வந்திச்சு, இன்னைக்கும் அப்படித்தான் கெடக்கு.”

“என் பொத்தான்?”

“அமுக்கியிருந்தா பேசியிருக்கும்.”

பிற்பகல் இரண்டு மணிக்கு ஞானதாஸ் பணியில் சேர்ந்தார்.